முதல் நாள் குளிர்

ஏப்ரல் பாதி கடந்ததும் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் விதைப்பு இயந்திரங்கள் வயலில் இறங்கிவிடுகின்றன. முந்தி விதைத்த சோயா கூடுதல் கணுக்கள் விட்டு அதிகம் காய்க்கும் என்பது உண்மைதான். ஆனால், அவசரம் எல்லா நாளும் பலிக்காது.

முளைக்க, சோயா விதை தன் எடையில் ஏறத்தாழ பாதியளவு நீரை உறிஞ்சியாக வேண்டும். முதல் 24 மணி நேரத்தில் மண் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்திருந்தால் செல் சவ்வுகள் சிதைந்து, உள்ளிருக்கும் சத்து கசியும். அதைத் தேடிப் பூஞ்சைகள் வரும். வயலில் ஆங்காங்கே சொட்டை விழும்.

ஓரளவு இடைவெளியைச் சோயா பக்கக் கிளை விட்டு ஈடுகட்டும். ஏக்கருக்கு ஒரு லட்சம் செடிகள் சீராக நின்றால் மகசூல் பெரிதாகக் குறைவதில்லை. எண்ணிக்கை மிகவும் சரிந்தால் மறுவிதைப்புச் செலவு தலையில் விழும்.

மண் வெப்பம் 10 டிகிரியைத் தாண்டி, அடுத்த இரண்டு நாளும் குளிர்மழை இல்லையென்றால் ஏப்ரலிலேயே விதைக்கலாம். இல்லையேல் சில நாள் பொறுப்பதே லாபம்.