காயலாங்கடை கேம் ஷாஃப்டு வேண்டாம்

வால்வைத் திறக்குற கேம் ஷாஃப்டு தேஞ்சிட்டா, "பழைய 407-க்குக் காயலாங்கடைச் சாமானே போதும்"னு சொல்றாங்க. விலை குறைவுதான். ஆனா எனக்கு உடன்பாடு இல்லீங்க. கேமோட ஒவ்வொரு மேடும் அதோட டேப்பட்டோடு உரசி உரசிப் பழகினது. வேற இன்ஜின்ல ஓடின கேமை நம்ம பழைய டேப்பட்டோடு சேத்தா ரெண்டுமே தேயும். மேடு தேஞ்சா வால்வு முழுசாத் திறக்காது. காத்து குறைஞ்சா டீசல் கரும்புகையாத்தான் போகும்; அப்புறம் பாவம், பம்பையும் நாசிலையும் குறை சொல்லுவோம். தக்காளி லோடு ராத்திரி வழியில நின்னா, விடியறப்போ சந்தை விலையே போயிடும். அந்த நஷ்டத்துக்கு முன்னாடி இந்த மிச்சம் எம்மாத்திரம்? இன்ஜின் நம்பரைக் காட்டிப் புதுசே வாங்குங்க, டேப்பட்டும் சேத்து. ஆயிலையும் மாத்திடுங்க, தேஞ்ச இரும்புத்தூள் அதுலதான் கிடக்கும்.