புதர் என்றால் பாழா?

முட்டம் கலங்கரை விளக்கத்தடியில் நின்று பாருங்கள். கடல் தெரியும், பாறை தெரியும், செம்மண் தேரி தெரியும். தேரியிலே பனையும் முள்ளும் புதரும் தெரியும். காடு தெரியாது. காடு காண வடகிழக்கே கீரிப்பாறைப் பக்கம் மலையேற வேண்டும்.

இது ஆடு மேய்ப்பவனுக்குத் தெரியும். சுள்ளி பொறுக்கும் தாய்க்குத் தெரியும். அரசின் ஏட்டுக்குத் தெரிகிறதா?

டேராடூனிலுள்ள இந்திய வன அளவை நிறுவனம் 1987 முதல் காட்டுக் கணக்கு எடுத்துவருகிறது. அதன் அளவுகோல் என்ன? ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரக்கிளைகள் 10 விழுக்காடு மூடினால் காடு. அதற்குக் குறைந்தால் புதர். 10 முதல் 40 வரை திறந்த காடு. 40 முதல் 70 வரை ஓரளவு அடர்ந்தது. 70-க்கு மேல் மிக அடர்ந்தது. எந்த மரம்? யாருடைய மரம்? அந்தக் கேள்வியே இல்லை!

விளைவு? வரிசை பிடித்து நட்ட ரப்பர்த் தோட்டம் காட்டுக் கணக்கில் ஏறுகிறது. தானே முளைத்து மண்ணைக் கட்டி நிற்கும் புதர் வெளியே நிற்கிறது. வெளியே நிறுத்தியதோடு விட்டார்களா? மத்திய அரசின் நிலவளத் துறை 2019-இல் வெளியிட்ட வரைபடத் தொகுப்பில் புதர் நிலத்துக்கும் இடம் தந்தார்கள் - தரிசு என்ற தலைப்பின்கீழ்!

பெயர்தானே, போகட்டும் என்பீர்களா? தோழர்களே, பெயரில்தான் இருக்கிறது சூட்சுமம்! பாழென்று எழுதிய நிலத்தைத் தோண்டுவதும் வேலியடைப்பதும் எளிது. முட்டத்துக்கு அண்மையிலுள்ள மணவாளக்குறிச்சியில், கடல் மணலிலிருந்து இல்மனைட்டும் மோனசைட்டும் பிரிக்கும் பொதுத்துறை ஆலை இருக்கிறது. மணலுக்கு விலை உண்டு. மணலைப் பிடித்து நிற்கும் அடம்பங்கொடிக்கு விலை இல்லையா?

புதரைக் காடென்று எழுதச் சொல்லவில்லை நாம். காடு வேறு, புதர் வேறுதான். மழைநீரை வாங்கி மெல்ல ஓடைக்கு விடுவது காட்டின் வேலை. பறக்கும் மணலைப் பிடிப்பதும், ஆட்டுக்குத் தழை தருவதும், ஏழையின் அடுப்புக்குச் சுள்ளி தருவதும் புதரின் வேலை. ஐந்திணை வகுத்த தமிழன் வறண்ட பாலையையும் திணையென்றே எண்ணினான், பாழென்று தள்ளவில்லை.

ஆகவே நாம் கேட்பது மூன்று. தோட்டத்தைத் தோட்டமென்று எழுதுக. புதர் நிலத்தைத் தரிசுப் பட்டியலிலிருந்து நீக்கித் தனியே எழுதுக. அந்நிலத்தில் கைவைக்குமுன் ஊரைக் கூட்டிக் கேட்டு முடிவெடுக்க.

மண்ணில் இருப்பதை ஏட்டில் எழுதுங்கள். ஏட்டில் எழுதியதற்காக மண்ணை அழிக்காதீர்கள்!