தண்டுவட ஊசியும் மலை ஜனங்களும்

தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் தண்டுவடத்தில் ஒவ்வொன்றாய் அழிய, குழந்தையின் கைகால்கள் சோர்ந்து, கடைசியில் சுவாசமும் தளர்ந்து போகும் பரம்பரை வியாதி ஒன்று உண்டு. அதற்குத் தண்டுவடத் தசைச் சிதைவு என்று பெயர். 2016-ம் வருஷ முடிவு வரையில் அதைத் தடுக்க அங்கீகாரம் பெற்ற மருந்து கிடையாது. அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற நுசினெர்சன் என்னும் மருந்தே முதலாவது.

இதை ரத்தத்தில் ஏற்றினால் தண்டுவடத்தை எட்டாது. இடுப்புப் பக்கம் முதுகெலும்புகளின் இடையே ஊசி நுழைத்து, தண்டுவட நீரிலேயே செலுத்த வேண்டும். முதல் இரண்டு மாதங்களில் 4 ஊசிகள். பிறகு 4 மாதங்களுக்கு ஒன்று வீதம் ஓயாமல் தொடர வேண்டும்.

கல்வராயன் மலையில் கரியாலூரில் இத்தகைய குழந்தை ஒன்று பிறந்தால் அதன் கதி என்ன? உட்காரவும் இயலாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கூலியையும் இழந்து, வருஷத்துக்கு மூன்று முறை மலையிறங்கிப் பெருநகரம் போய்வர ஏழைப் பெற்றோரால் ஆகுமா?

ஊசி போடுவது எட்டாத வித்தையன்று. பிரசவ சத்திர சிகிச்சைக்காக முதுகில் மயக்க ஊசி போடுவது ஜில்லா ஆஸ்பத்திரிகளில் அன்றாடக் காரியம். வழி அதுவேதான். முதுகு வளைந்துவிட்டவர்களுக்குப் படக்கருவியின் துணையும் தேர்ந்த கையும் வேண்டும். கள்ளக்குறிச்சியை அடுத்த சிறுவங்கூரில் 2022 முதல் சர்க்கார் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மலை ஜனங்களுக்கு அங்கேயே இவ்வசதியை ஏற்படுத்துவது அசாத்தியமல்ல.

அசாத்தியமாயிருப்பது மருந்தின் விலை. அமெரிக்காவில் அது வெளிவந்தபோது ஓர் ஊசிக்கு 1,25,000 டாலர்! நம் நாட்டில் சிலர் அதைப் பெற்றது அன்னியக் கம்பெனியின் தயவினால். தயவு உரிமையாகாது. அரிய நோய்களுக்காக மத்திய சர்க்கார் அளிக்கும் உதவிக்கு 2022-ல் விதித்த வரம்பு ஒருவருக்கு 50 லட்சம் ரூபாய். ஆயுள் முழுவதும் மருந்து வேண்டியவருக்கு அது எம்மட்டு?

வழி இருக்கிறது என்பதற்கு அத்தாட்சியும் உண்டு. இதே வியாதிக்கு வாய்வழி உட்கொள்ளும் ரிஸ்டிப்லாம் புட்டி ஒன்று சுமார் 6 லட்சம் ரூபாய்க்கு விற்றது. காப்புரிமை வழக்கில் தடை விதிக்கக் கோர்ட்டு மறுக்கவே, 2025 அக்டோபரில் ஹைதராபாத் நாட்கோ கம்பெனி அதை 15,900 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. உள்நாட்டு உற்பத்தியின் வலிமை இதுவே.

ஊசியா, வாய்வழி மருந்தா என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும். விலையும் தூரமும் தீர்மானிக்கலாகாது. ஊசி மருந்தையும் இங்கேயே தயாரிக்க வழி காண வேண்டும். பிறந்த குழந்தைகளுக்கு ரத்தப் பரிசோதனை நடத்த வேண்டும். நரம்பணு அழிந்த பின் வரும் மருந்தால் அதை மீட்க முடியாது. தாமதத்திற்கு இடமில்லை.