பினாங்கின் பழைய தமிழ் இதழ்கள்: காக்க வேண்டியது யார்?

நாகூர் குலாம் காதிறு நாவலர் 1883இல் பினாங்கிலிருந்து வெளிவந்த 'வித்தியா விசாரிணி' இதழுக்கு ஆசிரியராக இருந்தார். இலக்கிய வரலாற்று நூல்களில் அந்தப் பெயர் தவறாமல் வருகிறது. ஆனால் அந்த இதழைக் கண்ணால் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

சிங்கப்பூரில் நிலைமை வேறு. 1887இல் மகுதூம் சாயபு தொடங்கிய 'சிங்கை நேசன்', 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு' ஆகியவற்றின் பழைய இதழ்களை அந்நாட்டுத் தேசிய நூலக வாரியம் மின்னிலக்கமாக்கி வைத்திருக்கிறது. தேதியைச் சொன்னால் பக்கத்தை எடுத்துப் படிக்கலாம்.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. பதிப்பாளர்கள் தங்கள் வெளியீடுகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று 1986ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதற்கு முன்பே, 1969இல், மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் நூல்களையும் இதழ்களையும் இராம சுப்பையா பட்டியலிட, மலாயாப் பல்கலைக்கழக நூலகம் அதை வெளியிட்டது. ஆனால் பட்டியல் வேறு, படிக்கக் கிடைப்பது வேறு. அலமாரியில் பூட்டிய தாளால் நிபோங் திபால் மாணவனுக்கு என்ன பயன்?

இது ஆய்வாளர்களின் கவலை மட்டுமல்ல. ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு ரப்பர் விலையே பெரிய செய்தி. பால்மரம் வெட்டியவர்களின் திருமணம், மரணம், கோயில் திருவிழா, பள்ளி விழா, சம்பளத் தகராறு எல்லாம் தமிழ்ப் பத்திரிகைகளில்தான் ஊர்ப் பெயரோடு வந்தன. தோட்டத் துண்டாடலால் மக்கள் வேலையும் வீடும் இழந்த காலத்தில், 1960இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். அன்றைய தொழிலாளியின் பேச்சைத் தேடுபவர் தமிழ் ஏடுகளைத்தான் புரட்ட வேண்டும். பல தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ஏடும் போனால், அங்கே நம்மவர் வாழ்ந்ததற்கு எழுத்துச் சான்று குறைந்துவிடும்.

1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019இல் நின்றது. ஒரு நாளிதழ் மூடப்பட்டால் அதன் பழைய இதழ்களுக்கு யார் பொறுப்பு என்பதை நம் சமூகம் இனியாவது பேசி முடிவு செய்ய வேண்டும்.

இலங்கைத் தமிழர்கள் நமக்கு முன்மாதிரி. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய 'நூலகம்' இணையத் திட்டம், இன்று ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் இலவசமாகப் படிக்கத் தருகிறது.

பினாங்கிலும் இது முடியும். பல்கலைக்கழக நூலகமும் மாநில அரசும் இடமும் கருவியும் தரட்டும். ஆலய நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர்களும் வீடு வீடாகக் கேட்டுத் திரட்டட்டும். பத்திரிகைத் தாள் மலிவான மரக்கூழில் செய்தது. வெயிலும் ஈரமும் பட்டால் பொடியாகிவிடும். தாத்தாவின் பெட்டியில் பழைய இதழ் இருந்தால் செலோடேப் ஒட்டாதீர்கள், மடிக்காதீர்கள். தேதி தெரியும்படி ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். பழைய பேப்பர் லாரிக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள்.