லாரி விலை குறைஞ்சிருக்கு, வாங்கலாமா? அனுபவம் இல்லாதவங்க முதல்ல போட வேண்டிய கணக்கு

'ஐடி வேலையை நம்பி எத்தனை நாள் இருக்கிறது? ஒரு லாரி வாங்கி விட்டா மாசம் ஒரு லட்சம் வரும்.' தி.நகர் டீக்கடையிலும் அடையாறு அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பிலும் இந்தப் பேச்சு இப்போது சகஜம். இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கின்றன. 2025 ஜூலையில் டிசிஎஸ் சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்த பிறகு பலருக்கும் இரண்டாவது வருமானம் பற்றிய யோசனை வந்துவிட்டது. அடுத்ததாக, 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வாகனங்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது.

விலை குறைந்தது உண்மைதான். ஆனால் இந்தத் தொழிலில் புதியவர்கள் கையைச் சுட்டுக்கொள்வது லாரியின் விலையால் அல்ல, லாரி நிற்கும் நாட்களால். அது எப்படி என்று ஒரு உதாரணக் கணக்கோடு பார்ப்போம்.

ஜிஎஸ்டி குறைப்பால் கையில் எவ்வளவு மிச்சம்?

வரிக்கு முன் 30 லட்சம் ரூபாய் விலையுள்ள, மொத்த எடை 28 டன் வரும் பத்துச் சக்கர லாரியை எடுத்துக்கொள்வோம். நம்ம ஊரில் 'டாரஸ்' என்றால் சட்டென்று புரியும். பழைய வரியில் இதன் விலை 38.4 லட்சம். புதிய வரியில் 35.4 லட்சம். வித்தியாசம் 3 லட்சம்.

10 சதவீத வட்டி, ஐந்து வருடத் தவணை என்று வைத்தால், 3 லட்சம் கடன் குறைவதால் மாதத் தவணையில் சுமார் 6,370 ரூபாய் குறையும். இந்த எண்ணை ஞாபகம் வச்சுக்கோங்க. கொஞ்ச நேரத்தில் இதற்குத் திரும்பி வருவோம்.

லாரி நின்றாலும் ஓடும் செலவு

5.4 லட்சத்தைக் கையிலிருந்து போட்டு, மீதி 30 லட்சத்துக்குக் கடன் வாங்குகிறீர்கள். மாதத் தவணை சுமார் 63,740 ரூபாய். டிரைவர், கிளீனர் சம்பளமும் படியும் சேர்த்து 45,000. இன்சூரன்ஸ், காலாண்டு வரி, பர்மிட் எல்லாவற்றையும் மாதத்துக்குப் பிரித்தால் 12,000 என்று வைப்போம். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டுமே, 2022 ஜூன் முதல் அமலுக்கு வந்த கட்டணப்படி, 20 முதல் 40 டன் வரையிலான லாரிகளுக்கு வருடம் 43,950 ரூபாய். நேஷனல் பர்மிட்டுக்கு வருடக் கட்டணம் 16,500, அதோடு அனுமதிக் கட்டணம் 1,000.

இதையெல்லாம் கூட்டினால் மாதம் ஏறத்தாழ 1.2 லட்சம். அதாவது, ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமல் லாரி நின்றாலும் நாளொன்றுக்கு சுமார் 4,000 ரூபாய் செலவு.

இப்போது அந்த 6,370 ரூபாய்க்கு வருவோம். ஜிஎஸ்டி குறைப்பு மாதாமாதம் மிச்சம் பிடித்துத் தரும் மொத்தப் பணமும், லாரி இரண்டு நாள் சும்மா நின்றாலே போச்சு.

ஓடினால் எவ்வளவு செலவு?

சென்னை – பெங்களூரு ஒரு வழிக்கு சுமார் 350 கிலோமீட்டர். போய்வர 700. லிட்டருக்கு 4 கிலோமீட்டர், டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் டீசல் மட்டும் 16,100. டோல் 4,000. டயர் தேய்மானம், சர்வீஸ் என்று கிலோமீட்டருக்கு 3 ரூபாய் வைத்தால் 2,100. ஆக, ஒரு முறை போய்வர 22,200 ரூபாய்.

இந்த 3 ரூபாயைச் சிலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஒரு டயர் 20 ஆயிரம் என்று வைத்தாலும் பத்து டயருக்கு 2 லட்சம். மாதாமாதம் ஒதுக்கி வைக்காவிட்டால், அந்த மாதம் தவணை கட்டப் பணம் இருக்காது.

ரிட்டன் லோடு: தொழிலே இங்கேதான் இருக்கு

மாதம் பத்து முறை போய்வந்தால் மொத்தச் செலவு சுமார் 3.43 லட்சம். போகும்போதும் வரும்போதும் லோடு இருந்தால் 20 லோடு. ஒரு லோடுக்கு 17,140 ரூபாய் வாடகை கிடைத்தால்தான் நஷ்டமில்லாமல் தப்பிக்கலாம். லாபம் அதற்கு மேல்தான்.

திரும்பும்போது பாதி முறை காலியாக வந்தால் கையில் இருப்பது 15 லோடுதான். இப்போது ஒரு லோடுக்கு 22,850 தேவை.

அடுத்து, இறக்குமிடத்தில் குடோன் ஆள் இல்லை, நகருக்குள் பகலில் கனரக வாகனத்துக்கு அனுமதி இல்லை, ராத்திரி வரை காத்திருக்க வேண்டும் என்று நாட்கள் போகின்றன. பத்து முறைக்குப் பதில் ஏழு முறைதான் போய்வர முடிகிறது, அதிலும் திரும்பும்போது பாதி காலி என்றால்? ஒரு லோடுக்கு 26,300 ரூபாய் வேண்டும்.

லாரி, டீசல் விலை, ரூட் மூன்றும் மாறவில்லை. ஆனால் நஷ்டமில்லாமல் தப்பிக்கத் தேவையான வாடகை 50 சதவீதத்துக்கும் மேல் கூடிவிட்டது. சந்தையோ உங்கள் செலவைப் பார்த்து வாடகை தராது. பெங்களூரில் யாரிடம் போன் போட்டால் அன்று மாலையே ரிட்டன் லோடு கிடைக்கும் என்று தெரிந்தவர் குறைந்த வாடகைக்கும் ஓட்டி லாபம் பார்ப்பார். தெரியாதவர் புரோக்கர் சொன்ன ரேட்டுக்குத் தலையாட்டுவார். 'அனுபவம்' என்பதன் பண மதிப்பு இந்த வித்தியாசம்தான்.

மேலே உள்ளவை உதாரண எண்கள். உங்கள் ரூட், உங்கள் லாரிக்கான எண்களைப் போட்டு இதே கணக்கை நீங்களே போட்டுப் பாருங்க.

வாடகை எப்போ கைக்கு வரும்?

டீசலுக்கும் டோலுக்கும் படிக்கும் இன்றே பணம் வேண்டும். வாடகையில் ஒரு பகுதி அட்வான்ஸாக வரும். பேலன்ஸ், சரக்கு இறங்கிய ரசீது கைக்குப் போன பிறகு. நேரடியாகக் கம்பெனிக்கு ஓட்டினால் பில் போட்டுக் காத்திருக்க வேண்டும். அட்வான்ஸ் இல்லாமல் 60 நாள் கழித்துப் பணம் வருகிறது என்றால், மேலே சொன்ன கணக்கில் ஓட்டச் செலவுக்கு மட்டும் சுமார் 4.4 லட்சம் உங்கள் பையிலிருந்து சுழல வேண்டும். முன்பணம் கட்டியதோடு சேமிப்பு தீர்ந்தவர்கள் முதலில் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

உத்யம் தளத்தில் பதிவு செய்துகொள்வது ஓரளவு உதவும். பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அப்படித் தராத நிறுவனம், அந்தத் தொகையைக் கொடுக்கும் வருடத்தில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும்.

மயிலாப்பூர் சொல்லும் பாடம்

நாடு முழுக்க ஓடும் பழைய லாரிகளுக்குக் கடன் கொடுத்துப் பெரிதான ஒரு நிறுவனத்தின் பதிவு அலுவலகம் நீண்ட காலம் இருந்தது மயிலாப்பூர் லேடி தேசிகா ரோட்டில். ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் பைனான்ஸ். இன்சூரன்ஸ் துறையில் பணியாற்றிய ஆர்.தியாகராஜன், கூட்டாளிகளோடு 1974-ல் சிட்ஃபண்டில் தொடங்கிய ஸ்ரீராம் குழுமம், 1979-ல் லாரிக் கடனுக்கு வந்தது. 2022-ல் குழுமத்தின் இன்னொரு நிறுவனத்தோடு இணைந்து ஸ்ரீராம் பைனான்ஸ் ஆனது.

வங்கிகள் அப்போது பழைய லாரி வாங்குபவரை நம்பவில்லை. அவரிடம் சம்பளச் சீட்டு கிடையாது, வருமான வரிக் கணக்கு கிடையாது. ஆனால் அவர் பல வருடம் டிரைவராக இருந்தவர். எந்த ஊரில் எந்த சீசனில் என்ன லோடு என்பது அத்துப்படி. காகிதம் இல்லாவிட்டாலும் அனுபவம் இருந்தது. அந்த அனுபவத்தை நம்பிக் கொடுத்த கடன் திரும்பி வந்தது.

இன்றைய இளம் சம்பளக்காரரின் நிலை இதற்கு நேர் எதிர். சம்பளச் சீட்டு இருக்கு, சிபில் ஸ்கோர் இருக்கு, லோன் சீக்கிரம் கிடைத்துவிடும். லோடு எங்கே இருக்கு என்பது மட்டும் தெரியாது. கடன் கிடைத்துவிட்டதாலேயே தொழிலுக்குத் தகுதி வந்துவிட்டதாக அர்த்தம் இல்லை. தவணை நின்றுபோனால் கடன் கொடுத்தவர் உங்கள் சம்பளத்தைப் பார்ப்பார், லாரியின் வருமானத்தை அல்ல.

அனுபவமே இல்லாமல் ஜெயித்தவர்கள் இல்லையா?

இருக்காங்க. கர்நாடகத்தின் கதக்கில் அச்சுத் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்த விஜய் சங்கேஸ்வர், 1976-ல் ஒரே ஒரு லாரியோடு தொடங்கினார். அதுதான் 2015-ல் பங்குச் சந்தைக்கு வந்த விஆர்எல் லாஜிஸ்டிக்ஸ். 2022-ல் வந்த 'விஜயானந்த்' படம் அவர் கதைதான். ஆனால் அவர் பெரிதாக வளர்ந்தது பார்சல் சேவையில். பார்சலில் சரக்கை புக் செய்பவர் நேரடியாக உங்கள் கவுண்ட்டருக்கு வருகிறார். நடுவில் இன்னொருவர் தரும் லோடுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

நாமக்கல், சங்ககிரி வழி வேறு. கிளீனராக ஏறி, டிரைவராகி, சொந்தபந்தத்தோடு பங்குக்கு ஒரு லாரி வாங்கி, பிறகு தனி லாரி வாங்குவது. முதலீட்டுக்கு முன்பே பல வருடப் படிப்பு முடிந்துவிடும்.

அந்த அனுபவசாலிகளுக்கும் அடி விழுகிறது. நாமக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்ட தென்மண்டல எல்பிஜி டேங்கர் லாரி உரிமையாளர்கள் 2025 மார்ச் 27 முதல் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். எண்ணெய் நிறுவனங்களின் புதிய ஒப்பந்தத்தில் மூன்று அச்சு லாரிகளுக்கு முன்னுரிமை, கூடவே கடுமையான அபராத விதிகள் என்பது அவர்கள் புகார். இரண்டு அச்சு டேங்கரைக் கடனில் வாங்கியவருக்கு, ஒப்பந்த விதி மாறினால் வண்டியே சுமை. ஒரே வாடிக்கையாளரை மட்டும் நம்பி வண்டி வாங்குவதில் உள்ள ஆபத்து இது.

சட்டமும் வரியும்: இதை மறக்காதீங்க

• ஓவர்லோடு: அனுமதித்த எடையைத் தாண்டினால் 20,000 ரூபாய் அபராதம், கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஐந்து டன் அதிகம் என்றால் 30,000. 'எல்லாரும் ஏத்துறாங்க' என்று புரோக்கர் சொல்வார், அபராதம் கட்டுவது நீங்கள்.

• எஃப்சி: எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதன் பிறகு ஒவ்வொரு வருடமும்.

• டிரைவர்: கனரக வாகன லைசென்ஸ் செல்லுபடியாகிறதா என்று நீங்களே சரிபாருங்கள். லைசென்ஸில் குறை இருந்தால், விபத்து இழப்பீட்டை இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்துவிட்டு உங்களிடமிருந்து வசூலிக்க வாய்ப்பு உண்டு. வேலை நேரம் பொதுவாக நாளுக்கு 8 மணி என்று தொழிலாளர் சட்டம் சொல்கிறது. தூக்கமில்லாமல் ஓட்ட வைத்து மிச்சம் பிடிக்கும் ஒரு டிரிப், ஒரு உயிரோடு முடியலாம்.

• ஏசி கேபின்: 2025-ல் அமலுக்கு வந்த விதிப்படி, புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம். அதற்கு முன் தயாரான வண்டியைத் தள்ளுபடியில் தருகிறார்கள் என்றால் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள்.

• வருமான வரி: பத்து வண்டிக்குள் வைத்திருப்பவர்களுக்கு உத்தேச வருமான முறை உண்டு. 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிக்கு டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானமாகக் கொள்ளப்படும். 28 டன் லாரிக்கு வருடம் 3.36 லட்சம். லாரி நின்றாலும் இந்தக் கணக்கு மாறாது, இது உங்கள் சம்பளத்தோடு சேரும். உண்மையில் நஷ்டம் என்றால் கணக்குப் புத்தகம் வைத்து, தணிக்கை செய்து காட்ட வேண்டும்.

அப்போ என்னதான் செய்யலாம்?

முதலில் லோடு, பிறகு லாரி. வாங்குவதற்கு முன்பே இரண்டு பக்கமும் லோடு தரக்கூடிய குறைந்தது மூன்று பேரிடம் பேசி, அவர்கள் இப்போது கொடுக்கும் வாடகையையும் பணம் தரும் நாளையும் எழுதி வாங்குங்கள். மாதவரம் லாரி முனையத்தில் சில நாட்கள் போய் நின்று புக்கிங் ஆபீஸ்களில் பேசுங்கள். டிரைவரோடு ஓரிரு டிரிப் கேபினில் உட்கார்ந்து போய்வாங்க. எங்கே நேரம் வீணாகிறது என்பது எந்த எக்செல் ஷீட்டையும்விட அங்கே நன்றாகத் தெரியும்.

சிறியதில் தொடங்குவதும் நல்ல வழி. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வாகனத்துக்கு பர்மிட் தேவையில்லை. தவறு செய்தால் இழப்பும் சிறியது. பழைய லாரி என்றால் ஆர்.சி.யில் கடன் பதிவு, நிலுவை வரி, எஃப்சி, கட்டாத அபராதங்கள் நான்கையும் பரிவாகன் தளத்தில் பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.

எந்த வண்டியாக இருந்தாலும், நிற்கும் செலவை ஆறு மாதம் தாங்கும் பணம் தனியாக இருக்கட்டும். நம் உதாரணத்தில் அது சுமார் 7.2 லட்சம், ஓட்டச் செலவுக்கான சுழற்சிப் பணம் தனி. அதாவது 5.4 லட்சம் முன்பணம் கட்ட முடிந்தவருக்கு உண்மையில் தேவைப்படுவது கிட்டத்தட்ட 17 லட்சம்.

அது கையில் இல்லையென்றால் இந்த வருடம் லாரி வேண்டாம். ஒரு வருடம் லோடு பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், லாரி ஷோரூமில் அப்போதும் இருக்கும்.