எல்லாம் ‘புத்தகம்’ இல்லை
ஊர் ஆவணங்களுக்கு இணையச்செயலி செய்யிற ஆக்கள் எல்லாத்தையும் ‘புத்தகம்’ எண்ட ஒரே அட்டவணைக்குள்ள திணிக்கினம். துண்டுப்பிரசுரத்துக்கு ஏதப்பா ஐஎஸ்பிஎன்? புத்தகத்துக்குக் கதைசொல்லி இல்லை என்பதால் அந்தக் கட்டம் வெறுமையாக இருக்க அனுமதிக்கவேண்டும். பிறகு, கதைசொல்லியின் பெயரில்லாத ஒலிப்பதிவையும் தரவுத்தளம் மறுபேச்சில்லாமல் ஏற்கும். அம்மம்மா சொன்ன கதை ஆரும் சொல்லாத கதையாப் போயிடும்.

மார்ட்டின் ஃபவுலர் 2002 இலேயே இதற்கு மூன்று வழிகளை எழுதிவிட்டார். நாங்கள் கேட்கிறது அதில ஒன்று: தலைப்பு, ஆண்டு, மொழி தாய் அட்டவணையில், மற்றவை வகைக்கொரு பிள்ளை அட்டவணையில், அதே அடையாள எண்ணோட. ஒலிப்பதிவு அட்டவணையில் கதைசொல்லி கட்டாயம்.

‘ஜொயின் போட்டா வேகம் குறையும்’ எண்டுவினம். சில ஆயிரம் பதிவுக்கா? அளந்துபோட்டு வாங்கோ, கதைப்பம்.