கடைவீதியைக் கூட்டுவோர் கணக்கில் வருவார்களா?

விருத்தாசலம் கடைவீதியில் கடைகள் திறக்கும் முன்பே ஒரு வேலை முடிந்திருக்க வேண்டும். முந்தைய நாள் சேர்ந்த வாழையிலை, பிளாஸ்டிக் பை, அழுகிய காய், டீக்கடைக் குப்பை எல்லாம் அள்ளப்பட்டிருக்க வேண்டும். பாலக்கரையிலும் ஜங்ஷன் சாலையிலும் அப்படித்தான். மாசி மகத்துக்குப் பழமலைநாதர் கோயிலில் கூடிய கூட்டம் கலைந்த மறுநாள் இந்த வேலை பல மடங்காகும். அதைச் செய்வோர் யார் என்று இந்தப் பத்தியின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தமிழகத்தின் எந்த நகரத்தை எடுத்தாலும் துடைப்பம் பிடிப்போரில் பெரும்பாலோர் அருந்ததியரும் ஆதிதிராவிடரும்தான்.

நகரத்தின் மையப் பகுதியைச் சுத்தமாக, பாதுகாப்பாக, வியாபாரம் குன்றாமல் வைத்திருக்க வெளிநாடுகளில் ஒரு ஏற்பாடு உண்டு. ஒரு கடைவீதிக்கு எல்லை வகுத்து, அதற்குள் இருக்கும் கட்டட உரிமையாளர்களும் வணிகர்களும் வழக்கமான வரிக்கு மேல் ஒரு தொகை கட்டுகிறார்கள். நகராட்சி அதை வசூலித்து அந்த வட்டாரக் குழுவிடமே கொடுக்கிறது. குழு அந்தப் பணத்தில் கூட்டுவதற்கும் காவலுக்கும் ஆள் வைக்கிறது. விளக்கும் இருக்கையும் அமைக்கிறது. கனடாவின் டொராண்டோ நகரில் 1970-இல் இது தொடங்கியது. இன்று நியூயார்க்கில் மட்டும் 70-க்கும் மேற்பட்ட மேம்பாட்டு வட்டாரங்கள் இருக்கின்றன. கடைவீதியால் லாபம் அடைவோர் அதன் பராமரிப்புக்குப் பணம் தர வேண்டும் என்ற கருத்தில் நியாயம் இருக்கிறது. அதை நாம் எதிர்க்கவில்லை.

ஆனால் அந்தக் குழுவில் யார் உட்காருகிறார்கள், அந்தப் பணத்தில் வேலை செய்பவருக்கு என்ன கிடைக்கிறது என்ற இரண்டு கேள்விகளைக் கேட்காமல் அதைப் பாராட்ட முடியாது. நியூயார்க்கில் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள வட்டாரக் குழு, வீடற்ற ஏழைகளைத் துப்புரவுக்கும் காவலுக்கும் வைத்துக்கொண்டு மணிக்கு ஒரு டாலர் அளவில் கூலி கொடுத்தது. அன்றைய சட்டக் கூலி மணிக்கு 4 டாலர் 25 சென்ட். "இவர்கள் தொழிலாளர்கள் அல்லர், பயிற்சி பெறுபவர்கள்" என்று குழு வாதிட்டது. 1998-இல் நீதிபதி சோனியா சோட்டோமேயர் அதை ஏற்கவில்லை. வேலை வாங்கினால் அவர் தொழிலாளர்தான், சட்டக் கூலி தர வேண்டும் என்று தீர்ப்பளித்தார். அவர் பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியானார். பணக்கார நாட்டின் பணக்கார வீதியிலும் சுத்தத்தின் செலவு கடைசியில் ஏழையின் கூலியில்தான் பிடிக்கப்பட்டது.

நம் ஊர்களில் இதே பிடித்தம் ஒப்பந்தம் என்ற பெயரில் வருகிறது. நகராட்சி நிறுவனத்திடம் கொடுக்கிறது. நிறுவனம் ஆள் பிடிக்கிறது. கூலி குறைந்தால் நகராட்சி நிறுவனத்தைக் காட்டும். நிறுவனம் நகராட்சியைக் காட்டும். சென்னையில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாருக்குக் கொடுக்கப்பட்டபோது, 2025 ஆகஸ்டில் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை முன் 13 நாள் உட்கார்ந்தார்கள். அவர்களில் பெண்களே அதிகம். பணி நிரந்தரமும் வாங்கிக்கொண்டிருந்த சம்பளம் குறையாமையும்தான் அவர்கள் கேட்டவை. நீதிமன்ற உத்தரவைக் காட்டி, நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. 'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயர் 2020-இல் 'தூய்மைப் பணியாளர்' என்று மாறியது. பெயர் மாறியதே தவிர, வேலை நிரந்தரமாகவில்லை.

சட்டங்களுக்குக் குறைவில்லை. உள்ளாட்சித் தூய்மைப் பணியாளர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்துத் தமிழக அரசு 2017-இல் ஆணையிட்டது. ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவரே தர வேண்டும் என்பது 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் முதலே உள்ள விதி. கையால் மலம் அள்ளும் வேலைக்குத் தடை விதித்த சட்டம் நடைமுறைக்கு வந்தது 2013 டிசம்பர் 6, அதாவது அண்ணல் அம்பேத்கரின் நினைவு நாள். பாதாளச் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது குற்றம். அப்படி இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தலித் ஒருவரை மலம் அள்ள வைப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படியும் குற்றம். கடைவீதி ஓட்டலின் தொட்டிக்கும் திருமண மண்டபத்தின் தொட்டிக்கும் இவை அனைத்தும் பொருந்தும்.

சுத்தம் என்ற சொல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. வீதியை அழகாக்கும்போது முதலில் அகற்றப்படுவது குப்பை. அடுத்து அகற்றப்படுவது நடைபாதை வியாபாரி. சென்னை பாண்டி பஜாரில் 2013-இல் நடைபாதைக் கடைக்காரர்கள் மாடிக் கட்டடத்துக்கு மாற்றப்பட்டார்கள். 2019-இல் அந்த வீதி நடப்போருக்கான அழகு வீதியானது. விருத்தாசலத்திலும் கம்மாபுரம், மங்கலம்பேட்டை பக்கத்திலிருந்து கூடையோடு வரும் பெண்கள், செருப்புத் தைப்பவர், தள்ளுவண்டிக்காரர் ஆகியோருக்குக் கடைவீதிதான் வயிற்றுப்பாடு. நிலமில்லாத குடும்பத்துக்கு நான்கடி நடைபாதையே நிலம்.

இவர்களுக்கும் 2014-ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. கணக்கெடுப்பு முடித்துச் சான்று கொடுக்கும்வரை யாரையும் அகற்றக் கூடாது. இடம் மாற்றுவதானால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஊர் மக்கள் தொகையில் இரண்டரை சதவீதம் வரையிலான வியாபாரிகளுக்கு இடம் தர வேண்டும். 2011 கணக்கெடுப்பில் 73 ஆயிரத்தைத் தாண்டிய விருத்தாசலத்துக்கு இது சுமார் 1,800 பேர். இடம் எது என்று முடிவு செய்யும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகள் இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒருவர் பெண். தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் உரிய பிரதிநிதித்துவம் வேண்டும் என்றும் சட்டமே சொல்கிறது. வெளிநாட்டுக் கடைவீதிக் குழுவில் கட்டட உரிமையாளரின் கை ஓங்கியிருக்கும். நம் சட்டம் கூடைக்காரிக்கும் நாற்காலி போட்டிருக்கிறது. அந்த நாற்காலி வெறுமையாக இருந்தால் குற்றம் சட்டத்தினுடையது ஆகாது.

பீங்கானுக்குப் பேர்போன ஊர் விருத்தாசலம். நெய்வேலிச் சுரங்கத்தோடு வரும் வெள்ளைக் களிமண்ணிலிருந்து இங்கே ஃபியூஸ் கேரியரும் பொம்மையும் உருவாகின்றன. அதற்கென்று ஒரு பயிலகம் இருக்கிறது, தொழிற்பேட்டை இருக்கிறது. மண்ணைப் பிசையும் வேலைக்குப் படிப்பும் மதிப்பும் உண்டு. கடைவீதியைக் கூட்டும் வேலைக்கும் அதே மதிப்பு வரும் நாளில்தான் அதைச் செய்ய எல்லாச் சாதியினரும் வருவார்கள். மதிப்பு என்று நாம் சொல்வது பொன்னாடையை அல்ல. சம்பளச் சீட்டு, பி.எஃப்., இ.எஸ்.ஐ., கையுறை, வாரம் ஒருநாள் விடுப்பு, பெண் தொழிலாளர் போய்வர ஒரு கழிப்பறை, இவ்வளவுதான்.

எனவே நாம் கேட்பது: விருத்தாசலம் நகராட்சி, கடைவீதித் தூய்மைக்கான ஒப்பந்தத்தையும் ஒவ்வொரு தொழிலாளருக்கும் தர வேண்டிய தினக்கூலியையும் அலுவலக வாசலில் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். நகர விற்பனைக் குழுவின் உறுப்பினர் பட்டியலையும் பக்கத்தில் ஒட்ட வேண்டும். வணிகர்கள் கடைவீதிக்காகத் தனியாகப் பணம் திரட்ட முன்வந்தால் வரவேற்போம். அதில் முதல் செலவு தொழிலாளரின் கூலியாகவும் பாதுகாப்புக் கருவியாகவும் இருக்கட்டும்.

கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரியிலும் பயிலகத்திலும் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு எழுதுங்கள். ஒப்பந்தம் யாரிடம் இருக்கிறது, தினக்கூலி எவ்வளவு, பி.எஃப். கட்டப்படுகிறதா, விற்பனைக் குழு கடைசியாக எப்போது கூடியது என்று நான்கு கேள்விகள் போதும். முப்பது நாளில் பதில் தர வேண்டியது அலுவலகத்தின் கடமை. வரும் பதிலை உங்கள் தெருவில், காலனியில், ஊர்க்கூட்டத்தில் உரக்கப் படியுங்கள்.